பஞ்சைக் கடிச்சுக்கோங்க!

பல் டாக்டர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதிரே படுத்திருப்பவர் எதிர்த்துப் பேச முடியாது. வாயை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு "ஆ" என்று மட்டும்தான் சொல்ல முடியும். அந்த "ஆ"வையே ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு, நாட்டு நடப்பிலிருந்து வீட்டு நடப்பு வரைக்கும் நம் டாக்டர் கால் நூற்றாண்டாகப் பேசித் தீர்த்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் இந்த வயதில் மேலாண்மைக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? போன வாரம் நடந்ததுதான் ஆகும்.

அந்தக் கல்லூரியில் தனி ஆளாக யாரும் பாஸாக முடியாது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு டீம். ஐவருக்கும் ஒரே மார்க். மாதம் ஒருமுறை டீமே வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் முகத்துக்கு நேரே சொல்லும். சொல்லப்படுகிறவர் வாய் திறக்கக் கூடாது. டாக்டர் அதிலும் குறுக்கே பேசினார். "நான் குறுக்கே பேசறேன்னு சொல்றீங்க இல்லையா, அதை எப்படிப் பார்க்கணும்னா..." என்று ஆரம்பித்தவர் விளக்கி முடிப்பதற்குள் வகுப்பே முடிந்துவிட்டது. அவருடைய டீம் தலைவி முன்னாள் ஆடிட்டர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவளே எழுந்து போய்ப் பேராசிரியையிடம், "எங்களால முடியல மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

இன்று இரவல் நாள்.

பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டீமும் தன் ஆள் ஒருவரைப் போட்டி டீமுக்கு ஒரு நாள் இரவல் கொடுக்க வேண்டும். போனவர் அங்கே உண்மையாக உழைக்க வேண்டும். சாயங்காலம் அந்த டீம் வகுப்பின் முன்னால் தன் திட்டத்தைச் சொல்லும். பிறகு பேராசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இவரை மறுபடி கூப்பிடுவீங்களா?" பாதிக்கு மேல் கை எழுந்தால் சரி. எழாவிட்டால் இரவல் போனவருக்கு 'டீம்' என்ற பாடத்தில் தோல்வி. அடுத்த வருடம் வரும் பிள்ளைகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மற்றவர்களுக்கு இது சும்மா ஒரு சடங்கு. டாக்டருக்கு இது வாழ்வா சாவா. போதாக்குறைக்கு, சீட்டுக் குலுக்கியதில் அவரை இரவல் வாங்கிய டீம் எது தெரியுமா? அவர் பெற்ற மகளின் டீம்.

* * *

"ஏங்க, இன்னும் ஒரு வருஷம்லாம் என்னால கிளினிக்கை ஒண்டியாப் பார்க்க முடியாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. அவளும் பல் டாக்டர்தான். ரொட்டியில் வெண்ணெய் தடவும்போதுகூட விளிம்பு வரை சரியாக நிரப்புகிறவள்.

"கவலையே படாதே. நான் என்ன யோசிச்சு வெச்சிருக்கேன்னா, போனதும் முதல்ல அவங்க திட்டத்துல இருக்கிற பத்துக் குறையை எடுத்துச் சொல்லி..."

"அப்பா!" மகள் கோப்பையை டக்கென்று வைத்தாள். "ஒப்பந்தம் ஞாபகம் இருக்கா இல்லையா?"

ஒப்பந்தம் இதுதான்: கல்லூரியில் நீ யாரோ, நான் யாரோ. அப்பாவும் மகளும் ஒரே வகுப்பில் படிப்பது தெரிந்தால் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள் என்று மகளுக்குப் பயம். அதனால் டாக்டர் தினமும் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து போவார். ஆறு மாதமாக யாருக்கும் தெரியாது.

"ஞாபகம் இருக்கு. ஆனா உன் டீம்ல..."

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அதிகமாப் பேசினே, நானே கை தூக்க மாட்டேன்ப்பா."

"நீ சொல்ல வர்றது புரியுதும்மா, ஆனா..."

"இந்தாங்க!" மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "பேஷன்ட்டுக்கு வெக்கிற மாதிரி நீங்களே வாயில பஞ்சை வெச்சுக் கடிச்சுக்கோங்க. அப்பதான் உருப்படும்."

கோபத்தில் சொன்னதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்வது டாக்டரின் வழக்கம். அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பல் பிடுங்கிய இடத்தில் வைக்கும் பஞ்சு உருளைகள் கொஞ்சத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

* * *

மகளுடைய டீமின் அறை, மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் வெள்ளைப் பலகை. மேஜை முழுக்க வண்ணத்தாள் துண்டுகளும், பாதி குடித்து ஆறிப்போன காபியும்.

மகளைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் வக்கீல்; கோர்ட்டை விட்டுவிட்டுப் படிக்க வந்தவன். இன்னொருவன் சேல்ஸ், யாரிடமும் எதையும் விற்றுவிடுவான். மூன்றாவது, புள்ளிவிவரத் துறையில் வேலை பார்த்த பெண். அவள் பேசி யாரும் கேட்டதில்லை என்பதால் வகுப்பே அவளுக்கு ம்யூட் என்று பெயர் வைத்திருந்தது. ஐந்தாமவனை டாக்டரின் டீமுக்கு இரவல் அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர் கதவருகே நின்று, இடது கன்னத்தில் ஒரு பஞ்சை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஐயையோ டாக்டர் சார்! பல்லு பிடுங்கிட்டீங்களா?" என்றான் வக்கீல்.

டாக்டர் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினார். அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை.

"பாவம், பேச முடியாது போலிருக்கு" என்றான் சேல்ஸ். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. டாக்டரின் பேச்சைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை.

மகள் மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். காலையில் அந்த அலமாரி திறந்த சத்தம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினாள்.

அவர்களுடைய திட்டம் நல்ல திட்டம். குழந்தைகளுக்கு வாடகை சைக்கிள். மாதாமாதம் சந்தா. பிள்ளை வளர்ந்து கால் இடிக்க ஆரம்பித்தால் சின்ன சைக்கிளை வாங்கிக்கொண்டு பெரிய சைக்கிளைத் தருவார்கள். சேல்ஸ் அதற்கு விளம்பரமே வரைந்து வைத்திருந்தான்: கம்பெனி ஆள் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறான், குழந்தை சிரித்துக்கொண்டே டாட்டா காட்டுகிறது. கீழே, "பிள்ளை வளரும், சைக்கிளும் வளரும்."

வாய் பேச முடியாத நோயாளி என்பதால் டாக்டருக்கு எல்லாவற்றையும் நிதானமாக, முதலிலிருந்து விளக்கினார்கள். விளக்கியது பெரும்பாலும் மகள்தான்.

"இங்க ஒரு சின்ன..." என்று ம்யூட் ஆரம்பித்தாள்.

"டெலிவரி பத்தித்தானே? நீ சொல்ல வர்றது புரியுது. அதுக்குத்தான் இதைப் பாரு..." மகள் பலகையில் ஒரு அம்புக்குறி போட்டாள்.

வக்கீல் எதையோ சொல்ல வாயெடுத்தான். "நீ சொல்ல வர்றதும் புரியுது" என்றாள் மகள். அவன் வாயை மூடிக்கொண்டான். மறுபடி ம்யூட். மறுபடி "புரியுது."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய வசனம். அந்த இழுப்பு, அந்தக் கை ஆட்டல், எதிராளியின் பாதி வாக்கியத்தைப் பிடுங்கித் தன் வாக்கியத்தின் வாலில் கட்டிக்கொள்ளும் சாமர்த்தியம், எல்லாமே அவருடையது. மூக்கு அம்மாவைக் கொண்டிருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் வீட்டில் பேச்சு. வாய் யாரைக் கொண்டிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

'நான் பேசும்போது எதிரே இருக்கிறவங்களுக்கு இப்படித்தான் இருக்குமா?' என்று நினைத்ததும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆடிட்டர் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்துக்கொண்டார்.

பேசுகிறவர்களை விட்டுவிட்டு, பேசாதவளைப் பார்த்தார். வாயைப் பார்த்தே வலி எந்தப் பல்லில் என்று சொல்லிவிடும் மனுஷன் அவர். ம்யூட்டின் கண் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குத்தான் போனது: டாட்டா காட்டும் அந்தக் குழந்தை.

டாக்டர் எழுந்தார். பலகையில் ஒரு சின்ன சைக்கிள் வரைந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண். கண்ணிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர். பிறகு அந்தப் பெண்ணின் இடுப்பையும் சைக்கிளின் பாரையும் சேர்த்து ஒரு பெல்ட் வரைந்து, பக்கிளும் போட்டார்.

மகள் முகம் சிவந்துவிட்டது.

அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது, முட்டி இடிக்கிறதே என்று அவளுடைய சிவப்பு சைக்கிளைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். அவள் ஸ்கூல் பெல்ட்டால் தன்னை அதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தரையிலேயே படுத்துத் தூங்கிப்போனாள். அந்த சைக்கிள் இன்றைக்கும் கிளினிக்கில் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் நிற்கிறது. இத்தனை பெரிய திட்டம் போட்டவள், தன்னைத்தானே மறந்துபோயிருந்தாள்.

"குழந்தை திருப்பிக் கொடுக்காதோ?" என்றான் வக்கீல், படத்தைப் பார்த்துக்கொண்டே.

மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் டாக்டர் பேனாவை ம்யூட்டிடம் நீட்டிவிட்டார்.

அறை அமைதியானது. கொஞ்ச நேரம் இல்லை, நிஜமாகவே நீண்ட நேரம். சேல்ஸ் நெளிந்தான். மகள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அந்த அமைதியைப் பிடுங்கவில்லை.

"இதைத்தான் ஒரு வாரமா சொல்லலாம்னு பார்க்கிறேன்" என்றாள் ம்யூட், மெதுவாக. "நாம கேட்ட வீடுங்கள்ல பாதிப் பேர் என்ன சொன்னாங்கன்னா, 'சைக்கிள் சின்னதாயிடுச்சு, ஆனா பிள்ளை விட மாட்டேங்குது'ன்னு. சந்தா கட்டுறது அம்மா அப்பா. ஆனா நம்ம வாடிக்கையாளர் குழந்தைதான். அதுகிட்டேருந்து நாம சைக்கிளைப் பிடுங்கறோம்."

"ரெண்டு வாரமா வரைஞ்சேன்..." என்று விளம்பரத்தைத் தடவினான் சேல்ஸ்.

"பிடுங்காம, குழந்தையையே கொடுக்க வெச்சா?" ம்யூட்டுக்குக் குரல் ஏறியது. "கம்பெனி ஆள் வரவே வேணாம். குழந்தை கடைக்கு வரட்டும். அடுத்து ஓட்டப்போற சின்னக் குழந்தையும் வரட்டும். இவளே அவனுக்குப் பெல் அடிக்கக் கத்துக்கொடுக்கட்டும். பாருல இவ பேரை நாம பொறிச்சுடலாம். அதுக்குக் கீழ அவன் பேரு. எத்தனை பேர் ஓட்டினாங்களோ அத்தனை பேர் பேரும் அதுல இருக்கும். அப்ப அது போயிடுச்சுன்னு இருக்காது. கொடுத்தேன்னு இருக்கும்."

"யம்மா!" என்றான் வக்கீல்.

சேல்ஸ் தன் விளம்பரத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் வரைய ஆரம்பித்துவிட்டான். மகள் மட்டும் பலகையில் இருந்த பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ம்யூட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஸாரி. நான் உன்னைப் பேசவே விடல" என்றாள்.

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆறிப்போன காபிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார்.

* * *

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. எந்த டீமிலும் யார் மேடையேறுவது என்று முன்கூட்டித் தெரியாது. பேராசிரியை சீட்டு எடுப்பார். ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

சீட்டைப் பிரித்த பேராசிரியை ஒரு கணம் தயங்கிவிட்டு, ம்யூட்டின் பக்கம் கையைக் காட்டினார்.

வகுப்பு முழுக்க ஒரு முணுமுணுப்பு. ம்யூட் மேடைக்குப் போனாள். மைக்கைப் பிடித்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை.

முன்வரிசையில் மகள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அடுத்த வரி அவள் நாக்கின் நுனியில் நின்றது. இப்போது எழுந்து அவள் சொல்லிவிட்டால் டீம் தப்பித்துவிடும். ஆனால் அந்தப் பெண் ஆயுசுக்கும் ம்யூட்தான். பக்கத்தில் இருந்த டாக்டருக்கும் வாய் துறுதுறுவென்றது. பஞ்சு மட்டும் இல்லையென்றால் அவர் இந்நேரம் மேடையில் இருந்திருப்பார்.

அவர் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். திறந்து, மகளிடம் நீட்டினார்.

மகள் பஞ்சைப் பார்த்தாள். அப்பாவின் உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

மேடையிலிருந்து ம்யூட் இதைப் பார்த்துவிட்டாள். முன்வரிசையில் ஒரே மாதிரி உப்பிய இரண்டு கன்னங்கள், ஒரே மாதிரி விரிந்த இரண்டு ஜோடிக் கண்கள். அவளுக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. மைக்கில் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடேயே, "ஒரு சின்னப் பொண்ணு தன்னைத்தானே சைக்கிளோட பெல்ட் போட்டுக் கட்டிக்கிட்டா" என்று ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் அவளை நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டது. கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள். கேட்காததற்கும் சொன்னாள். கடைசியில் கைதட்டல் ஓய்வதற்குப் பேராசிரியை கையை உயர்த்த வேண்டியிருந்தது.

"சரி. இரவல் வந்த டாக்டரை மறுபடி கூப்பிடுவீங்களா? மூணு கையாவது வேணும்."

ம்யூட் இரண்டு கையையும் தூக்கினாள். "ஒண்ணுதான் கணக்கு" என்றார் பேராசிரியை. வக்கீல் தூக்கினான்.

சேல்ஸ் தூக்கவில்லை. மகளும் தூக்கவில்லை.

டாக்டருக்குக் கிளினிக்கில் ஒண்டியாக நிற்கும் மனைவி கண் முன்னால் வந்தாள்.

"என் ரெண்டு வார விளம்பரத்தைக் குப்பையில போட வெச்சவர் சார் இவர்" என்றான் சேல்ஸ். கொஞ்சம் நிறுத்தினான். எதை விற்றாலும் நிறுத்தி விற்பது அவன் வழக்கம். "அதுக்காகவே கூப்பிடுவேன்." கை எழுந்தது.

மூன்று! டாக்டர் மூச்சு விட்டார். ஆனால் எல்லோரும் மகளையே பார்த்தார்கள்.

அவள் எழுந்து, பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினாள். "என் கை செல்லாது மேடம். இவர் எங்க அப்பா."

அரங்கமே "என்னது!" என்றது.

"பெல்ட் போட்டுக் கட்டிக்கிட்ட பொண்ணு நான்தான். தெரிஞ்சா எல்லாரும் சிரிப்பீங்கன்னு ஆறு மாசமா இவரை ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்க வெச்சேன். செல்லாதுன்னாலும் பரவாயில்ல, தூக்கறேன்." தூக்கினாள்.

வக்கீல் சாவகாசமாக எழுந்தான். "எனக்கு முதல் வாரமே சந்தேகம் மேடம். இந்தக் காலேஜ்ல என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடாதவங்க ரெண்டே பேர். ரெண்டும் ஒரே கம்பெனித் தயாரிப்பாத்தான் இருக்கணும்."

சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மகள்தான். டாக்டர் பஞ்சோடு சிரித்து, புரையேறி, ஆடிட்டர் பெண் ஓடிவந்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

தட்டிவிட்டு அவள் நகரவில்லை. "நாளைக்கு நம்ம டீமுக்கு வந்துடுவீங்கதானே டாக்டர்?"

"அதெப்படி?" என்றாள் ம்யூட். ஒரே நாளில் அவளுக்குக் குறுக்கே பேச வந்துவிட்டது. "இரவல் போனவரை அந்த டீமே நிரந்தரமா கேட்கலாம்னு விதி இருக்கு. நாங்க கேட்டாச்சு."

"அவர் எங்க ஆள்!"

"நீங்கதானே வேணாம்னீங்க?"

போன வாரம் யாரும் சீந்தாத மனிதருக்கு இரண்டு பக்கமும் இழுபறி. காலையில் அவரே வந்து முடிவைச் சொல்லட்டும் என்று பேராசிரியை விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

* * *

பஸ்ஸில் அப்பாவும் மகளும் ஒரே நிறுத்தத்தில் ஏறி, ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். நேரே கிளினிக். அங்கே மனைவி ஒரு பெரியவரின் வாயில் விளக்கடித்துக்கொண்டு, கையுறையோடு கதை முழுவதையும் கேட்டாள். கேட்கக் கேட்கக் கண்ணில் தண்ணீர் நின்றது. தோளில் துடைத்துக்கொண்டு, "நான் கோபத்துல சொன்னதுங்க. நிஜமாவே வெச்சுக்கிட்டீங்களா?" என்றாள்.

"ஆ" என்றார் பெரியவர், ஆமோதிப்பாக.

மகள் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் போனாள். சிவப்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, தூசி தட்டி, வாசல் வெளிச்சத்தில் நிறுத்தினாள். "நாளைக்கு இதைக் காலேஜுக்கு எடுத்துட்டுப் போறேன். எங்க கடையோட முதல் சைக்கிள் இதுதான்."

"முட்டி இடிக்கும்டி" என்றாள் அம்மா.

"நான் ஓட்டறதுக்கா? கொடுக்கறதுக்கும்மா."

பாரைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள்: "நீ எந்த டீமுக்குப் போகப் போறே, அப்பா? எங்க டீமுக்கு வர்றியா?"

அந்தக் குரலில் வா என்பதும் இருந்தது, வராதே என்பதும் இருந்தது. எது பெரியது என்று இருபத்து மூன்று வருடம் வளர்த்தவருக்கே தெரியவில்லை. மனைவி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வாய் திறந்தபடி பெரியவரும் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

டாக்டருக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் மகள் இன்னும் முடிக்கவில்லை என்று தோன்றியது.

சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். கடைசியாக ஒரு பஞ்சு மிச்சம் இருந்தது. அதை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.